பழவேற்காட்டில் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

நாங்கள் சூலூர்பேட்டையில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளமையில் பினாங்கில் வேலைபார்த்த என் தந்தையாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு காரில் பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தோம். டச்சுக் கல்லறையைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டோம். கோட்டை என்று காட்டப்பட்ட இடத்தில் புதர்தான் இருந்தது. படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். கடற்கரையில் வெயில் தாங்காமல் நண்பகலிலேயே திரும்பிவிட்டோம். புதுச்சேரியைப் போன்ற அழகான ஊர் என்று எழுதுகிறார்களே, நாங்கள் எதைப் பார்க்கத் தவறினோம்?

வாசகர், சூலூர்பேட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

பொன்னேரியில் குடியிருந்த காலத்திலிருந்து அந்த ஊருக்குப் பலமுறை சென்றுவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பழவேற்காட்டைக் காலையில், ஏரிக்கரையிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் தெருக்கள் அப்படியே நிற்கின்றன. இங்கே டச்சுக்காரர்களின் கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன, ஆனால் அவர்களை இங்கே வரவழைத்த நீர்ப்பரப்பு இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உப்பங்கழி இது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் முகத்துவாரம் வழியாகச் சரக்குகளைக் கொண்டுபோய் ஏற்றியிறக்கின. அதே முகத்துவாரம் இன்று மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோவது மீனவர்களின் தீராத கவலை.

காலையில் படகுகள் கரைசேரும்போது இறாலும் நண்டும் மடவையும் ஏலம் போவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஏரியில் எந்த இடத்தில் எவர் எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற வழக்கம் மீனவக் கிராமங்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. யாராவது பெரியவர் ஓய்வாக அமர்ந்திருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள். ஏட்டில் எழுதாமலே ஓர் ஏரியைப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

படகு மறுக்கப்பட்டதற்காக வருந்த வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இனி யாராவது பணம் வாங்கிக்கொண்டு ஏற்ற முன்வந்தாலும் நீங்கள் ஏறக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பூநாரைகளுக்காகவும் இங்கே வரவேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை இதே ஏரியைத்தான் கடக்கிறது. குளிர்காலத்தில் அங்கேயே அவற்றைப் பார்க்கலாம்.

வெயில் ஏறுவதற்குள் தெருக்களில் நடந்துவிடுங்கள். செம்புறாங்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகளை மிகச் சிறிய உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கக் குழந்தைகளின் கண்தான் பொருத்தம். முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகளில் ஒன்றையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லறைக்கு அதன்பிறகு செல்லுங்கள். வாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே சென்று, கற்களில் உள்ள ஆண்டுகளையும் எழுத்துச் செதுக்கலின் நுட்பத்தையும் நிதானமாகப் பாருங்கள். 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையிலிருந்து சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதும் நடத்தப்பட்டது. 1690இல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இந்தக் கரையில் நெய்த துணி இங்கிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்றது, அதற்கு ஈடாக நறுமணப் பொருள்கள் கிடைத்தன. அதே துறையிலிருந்து பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய நம் மக்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை. அந்த அழகான கற்களுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைவு வராமல் இருந்ததில்லை. நீங்கள் பார்த்த புதரையும் அகழியையும் இதை அறிந்தபின் மறுபடி பாருங்கள்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்தின் பக்கம் கடற்கரைக்குச் செல்லலாம். குளிக்க வேண்டாம், காற்று வாங்கினால் போதும்.

அடுத்தமுறை காரை விட்டுவிட்டு, சூலூர்பேட்டையிலிருந்து சென்னை செல்லும் மின்தொடர் வண்டியில் பொன்னேரிவரை வந்து பேருந்தில் செல்லுங்கள். வண்டியில் உங்கள் தந்தையாரிடம் ஒன்று கேட்க வேண்டும். மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'பெலெக்காட்' என்றுதான் பெயர். அது இந்த ஊரின் பெயரே. பினாங்கில் அவர் அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருப்பார், அந்தக் கைலியை உடுத்தியும் இருப்பார். அது எந்த ஊரைக் குறிக்கிறது என்று அங்கே யாராவது அவரிடம் சொன்னார்களா என்று கேட்டு, அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.