ஏற்காட்டில் சொந்த நிலத்தில் காட்டேஜ் கட்ட ஏன் இத்தனை அனுமதி?

பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கிறது, சரி. ஆனால் ஏற்காடு, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறது. மலைப்பகுதிகளில் கட்டுமானத்தைக் கண்காணிக்க 1990இல் தமிழக அரசு அமைத்த குழுமம் இது. அதனால் உள்ளூர்க் கட்டட அனுமதி மட்டும் போதாது. வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் என்று பல துறைகளின் கருத்தும் கேட்பார்கள்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் அடிவாரத்திலிருந்து ஏறிப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். சில இடங்களில் சாலையோரம் செம்மண் சரிந்து கிடக்கும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் வேர்கள்தான் சரிவு மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை வெட்டி, பொக்லைன் விட்டுச் சரிவைச் செங்குத்தாக அறுத்தால், அடுத்த மழையில் மண் கீழ்வீட்டுக்காரர் முற்றத்தில் இருக்கும்.

அப்புறம் தண்ணீர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பாறைக்கு மேல் போர்வெல் போட்டுவிட்டு, மே மாதக் கோடை விழாக் கூட்டத்தை நம்பி அறை கட்டாதீர்கள். நிலம் வாங்குமுன் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கிணற்று நீர்மட்டம் கேளுங்கள்.