பெயர் பெற்ற தீர்ப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: கேசவானந்த பாரதி வழக்கில் சாமியார் ஜெயித்தாரா, தோற்றாரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: அவர் கேட்டது கிடைக்கவில்லை. காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவரான அவர், மடத்து நிலத்தைக் கேரள நிலச் சீர்திருத்தத்திலிருந்து காப்பாற்றத்தான் உச்ச நீதிமன்றம் போனார். அந்தச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் (நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைச் சேர்த்து வைக்க அரசமைப்பில் உருவான பட்டியல்) சேர்த்த 29ஆவது திருத்தம் செல்லும் என்றே தீர்ப்பானது. ஆனால் 24.4.1973 அன்று 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்ன ஒன்று நிலைத்துவிட்டது: நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது. எவையெல்லாம் அடிப்படை என்று முடிந்த பட்டியல் கிடையாது. மொத்தம் 11 தனித்தனித் தீர்ப்புரைகள்; ஒவ்வொன்றிலும் வேறு வேறு உதாரணங்கள். அதில் ஒருவருடைய பத்தியை உருவி ‘கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கேள்வி: ஒன்பதாவது அட்டவணையில் போட்டால் கோர்ட் தொட முடியாதாமே? நம்ம தமிழ்நாட்டு 69 சதவீத இட ஒதுக்கீடும் அங்கேதானே இருக்கு?

பதில்: தொடலாம். கூடலூர் ஜென்ம நிலங்களில் (பழைய பரம்பரை நில உரிமை முறை) தொடங்கிய ஐ.ஆர். கோயெலோ வழக்கில் 9 நீதிபதிகள் 2007 ஜனவரியில் ஒருமனதாகக் கோடு போட்டார்கள்: 24.4.1973க்குப் பிறகு உள்ளே போன எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். நம் சட்டம் போனது 1994இல், 76ஆவது திருத்தம் வழியாக. அதனாலேயே அது செல்லாது என்று ஆகிவிடாது. 50 சதவீத வரம்பு வைத்த இந்திரா சாஹ்னி தீர்ப்பே (1992) அசாதாரணச் சூழலுக்கு இடம் விட்டிருக்கிறது. வாதாட வேண்டிய களம் அதுதான்; ‘அட்டவணை காப்பாற்றும்’ என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேள்வி: எமர்ஜென்சி தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா?

பதில்: இல்லை. 1976 ஏப்ரலில் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனு (காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனு) போட முடியாது என்று 4 நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூட நிவாரணம் இல்லையா என்று விசாரணையில் கேட்டவர் அவர். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். அந்தப் பதிலைப் படிக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு 20, 21ஆம் பிரிவுகளை (குற்றத் தண்டனையில் பாதுகாப்பு, உயிர் மற்றும் தனிமனித சுதந்திரம்) எந்த நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது. 2017 ஆகஸ்டில் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கின் 9 நீதிபதி அமர்வு பழைய தீர்ப்பை வெளிப்படையாகவே ரத்து செய்தது.

கேள்வி: கைதுக்கு நெறிமுறை வகுத்த டி.கே. பாசு தீர்ப்பில், கைதின்போது எதைப் பிடித்துக்கொள்வது?

பதில்: கைது மெமோவை. தேதி, நேரம், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, கைதானவர் கையெழுத்து இவ்வளவும் வேண்டும். நேரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், மாஜிஸ்திரேட் முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்தவில்லை என்று பின்னால் வாதாடுவது கஷ்டமாகிவிடும். காவலில் 48 மணிக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

கேள்வி: இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் முட்டிக்கொண்டால்?

பதில்: முதலில் அமர்வில் இருந்த நீதிபதிகளின் தலைகளை எண்ணுங்கள். 5 பேர் அமர்வு சொன்னதை 3 பேர் அமர்வு மாற்ற முடியாது. சந்தேகம் இருந்தால் பெரிய அமர்வுக்கு அனுப்பக் கேட்கலாம், அவ்வளவுதான். பிறகு, நீங்கள் காட்டும் வரி வழக்கை முடிக்கத் தேவைப்பட்ட காரணமா, போகிற போக்கில் சொன்ன கருத்தா என்று பாருங்கள். தீர்ப்புக்கு மேலே அச்சாகும் தலைப்புச் சுருக்கம் (headnote) பதிப்பாளர் எழுதியது. அதை மேற்கோள் காட்டாதீர்கள்.