மூடிய சுரங்கத்தில் என்ன வேலை இருக்கிறது?

மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் பல வருஷம் கம்ப்ரசர் ஓட்டிய ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: ‘பிளஸ் டூ முடித்த மகள், கைவிட்ட சுரங்கங்களைப் பாதுகாப்பாக மூடும் வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள். தோண்டுகிற வேலையே நின்றுபோன இடத்தில் இவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? பொம்பளைப் பிள்ளையை இதற்கு அனுப்பலாமா?’

ஐயா, தோண்டியவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிப் போன காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. 2003 முதல் பெரிய கனிமச் சுரங்கங்கள் மூடல் திட்டம் கொடுத்து, அதற்கான நிதி உத்தரவாதமும் கட்ட வேண்டும். நிலக்கரிக்கு 2009-ல் தனி வழிகாட்டு நெறிகள் வந்தன. சம்பளம் வருகிற வழி இதுதான். ஆனால் மூடுவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

கீழவளவு, கீழையூர்ப் பக்கம் நீங்கள் பார்த்தவை திறந்தவெளிக் குழிகள். மகள் சொல்வது பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட். மதுரை வட்டாரத்தில் அவளுக்கு அந்த வேலை கிடைக்காது. கோலார், ஜார்க்கண்ட் என்று போக வேண்டியிருக்கும். கோலார் தங்க வயலில் 2001-ல் வேலை நின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஊர். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்க வாய்கள் மட்டும் 1,70,000-க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றைக் கவனிக்கவே ஓர் அரசு அமைப்பு இருக்கிறது.

லாரி லாரியாக மண்ணைக் கொட்டினால் போதாதா என்று தோன்றும். அந்தக் காலத்தில் அதைக்கூடப் பல இடங்களில் முழுசாகச் செய்யவில்லை. குழிக்குள் கொஞ்ச ஆழத்தில் குறுக்கே மரத்தைப் போட்டு, அதன்மேல் மண்ணைத் தள்ளிச் சமப்படுத்திவிட்டுப் போனார்கள். மேலே புல் முளைக்கும், சில இடத்தில் வீடே வந்துவிடும். பல பத்தாண்டு கழித்து மரம் உளுத்ததும் மொத்த மண்ணும் திடீரென்று உள்ளே போய்விடும்.

அதனால் இன்று முதல் வேலையே குழி எங்கே என்று தேடுவதுதான். பழைய வரைபடம் இடத்தைத் தள்ளிக் காட்டக்கூடும். துளை போட்டுப் பார்த்துத்தான் ஓரத்தைப் பிடிக்கிறார்கள். வாயு அளக்கும் கருவி இல்லாமல் கிட்டப் போகக் கூடாது. புயல் சின்னம் உருவாகிக் காற்றழுத்தம் இறங்கும்போது ஆக்சிஜன் குறைந்த காற்று குழியிலிருந்து வெளியே வரும். அதற்கு வாசனைகூட இருக்காது. அப்புறம் நிரப்புவது. ஷாஃப்ட்டிலிருந்து பக்கவாட்டில் பாதைகள் பிரியும். அந்த மட்டங்களில் பெரிய, கெட்டியான கல்லைப் போடாவிட்டால் கொட்டுவதெல்லாம் உள்ளே சரிந்து ஓடிவிடும். சுரங்கம் ஓடியபோது நீரை இறைத்த பம்பை நிறுத்தியபின் ஏறும் நிலத்தடி நீரில் நிரப்பியது நனைந்து மறுபடி அமுங்கும். மேலே கம்பி கட்டிய கான்கிரீட் மூடி வரும். குழியைவிட நன்றாக அகலமாக, மண்ணில் நிற்காமல் உறுதியான பாறையில் உட்கார வேண்டும். வாயு போக ஒரு குழாய். இடத்தை நிலப் பதிவேட்டில் ஏற்றி, பிறகும் அவ்வப்போது போய் அளந்து பார்க்க வேண்டும்.

பதிவும் அளவும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1975 டிசம்பர் 27-ஐச் சொல்லலாம். தன்பாத் அருகே சஸ்னாலாவில், கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வேலை நடந்த சுரங்கத்துக்குள் பாய்ந்தது. 370 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சரி, படிப்பு. இந்த வேலையின் பெயரிலேயே பட்டப்படிப்பைத் தேடாதீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் இருக்கிறது. ஜேஇஇ அட்வான்ஸ்ட் நன்றாக எழுதினால் தன்பாத் ஐஐடி. ஆனால் சுரங்கம் படித்தவர்களைப் பெரும்பாலும் உற்பத்திக்குத்தான் எடுப்பார்கள். என்னைக் கேட்டால் சிவில், அதன்மேல் மண்ணியக்கவியலில் எம்.இ. அதே அறிவு மெட்ரோ சுரங்கப்பாதை, அணை, மலைச்சரிவு எல்லாவற்றுக்கும் ஆகும். ஒரு கதவு மூடினாலும் சோறு போடும். மதுரையிலேயே தியாகராசர் பொறியியல் கல்லூரியில் சிவில் இருக்கிறது, விடுதிச் செலவும் மிச்சம். பாறையும் நீரும்தான் பிடிக்கும் என்றால் புவியியலில் (ஜியாகரபி) அல்ல, நிலவியலில் (ஜியாலஜி) பி.எஸ்சி., எம்.எஸ்சி. படித்து யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனமும் (ஜிஎஸ்ஐ) மத்திய நிலத்தடி நீர் வாரியமும் அந்தத் தேர்வு வழியாக நிலவியல் படித்தவர்களை எடுக்கின்றன.

பெண் பிள்ளை என்று தயங்க வேண்டாம். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலைக்கு விடவில்லை. 2019-ல் மத்திய அரசு தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பகல் நேரத்தில் அனுமதி கொடுத்துவிட்டது. பழைய ஷாஃப்ட்டை மூடும் வேலையில் பெரும்பகுதி தரைக்கு மேலேதான்.

கவுன்சலிங்குக்கு முன் மகளிடம் ஒன்று கேளுங்கள். நிரப்பிய குழி ஏன் மறுபடி அமுங்குகிறது என்பது அவளை இழுக்கிறதா, உள்ளே ஏறும் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதா? முதலாவது என்றால் சாய்ஸ் லிஸ்ட்டில் சிவிலை மேலே போடுங்கள். இரண்டாவது என்றால் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அங்கே சேர்க்கை முன்னதாகவே முடிந்துவிடும்.