1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பாகிஸ்தானின் 1-ஆவது கவச டிவிஷன் (டாங்கிப் படைப்பிரிவு) பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்தருகே ஏன் சிதறியது? அதன் அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் டாங்கி அவ்வளவு மோசமா?

டாங்கியைக் குறை சொல்வது சுலபம், ஆனால் முழு உண்மையல்ல. 90 மி.மீ. பீரங்கி கொண்ட பேட்டன், அன்று எதிரே நின்ற இந்தியாவின் ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளைவிடத் திறன் மிக்கது. இந்தப் போர்முனையில் இந்தியாவிடம் அதற்குச் சமமாக நின்றவை 3-ஆவது கேவல்ரி என்ற டாங்கி ரெஜிமென்டின் செஞ்சூரியன் டாங்கிகள்தான்.

பாகிஸ்தானின் திட்டம் பெரியது: எல்லையோர ஊரான கேம்கரன் வழியாக நுழைந்து பியாஸ் ஆற்றுப் பாலத்தைப் பிடித்து அமிர்தசரஸைத் துண்டிப்பது. முதல் சிக்கல் பாகிஸ்தானின் கசூர் அருகே ரோஹி நாலா என்ற நீரோடையைக் கடப்பதிலேயே வந்தது. டாங்கிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இக்கரைக்கு வந்தன. அதனால் செப்டம்பர் 8 முதல் தாக்குதல்கள் தவணை முறையில் நடந்தன. டிவிஷன் ஒருமுறைகூட முழு பலத்தோடு மோதவில்லை.

அதற்குள் பின்வாங்கியிருந்த இந்தியாவின் 4-ஆவது மலை டிவிஷன், அசல் உத்தரைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் அரண் அமைத்துவிட்டது. பிரிகேடியர் தியோகராஜின் 2-ஆவது தனிக் கவசப் படை கரும்புத் தோட்டங்களுக்குள் மறைந்து நின்றது. வாய்க்கால்களை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சினார்கள். சுமார் 45 டன் எடையுள்ள பேட்டனுக்குச் சேறு எமன். சிக்கிய டாங்கி பக்கவாட்டைக் காட்டும்; அங்கே கவசம் மெல்லியது. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கிகூட அதை அழித்துவிடும். இந்திய வீரர் ஹவில்தார் அப்துல் ஹமீது செய்தது அதைத்தான்.

போதிய காலாட்படைத் துணையின்றிக் கரும்புக்காட்டுக்குள் டாங்கிகளை அனுப்பியதுதான், என் பார்வையில், மன்னிக்க முடியாத தவறு. இந்தியக் கணக்குப்படி பாகிஸ்தான் இழந்தவை 97 டாங்கிகள்.