கோள்மூட்டிக்கு எதிர்ச்சொல் என்ன?

கேள்வி: கோள்மூட்டி, சிண்டு முடிபவர், கலகக்காரர், சகுனி, கூனி, நாரதர் என்று சண்டை இழுத்துவிடுகிறவர்களுக்குத் தமிழில் எத்தனை பெயர்! சேர்த்துவைக்கிறவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ‘அமைதி விரும்பி’ என்று எழுதலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: எழுதாதீர்கள். தெருவில் சண்டை என்றதும் சன்னலைச் சாத்திக்கொள்கிறவர்தான் அமைதி விரும்பி. கோள்மூட்டிக்கு அவரைப்போல வசதியான ஆள் கிடையாது.

உங்கள் பட்டியலை முதலில் பிரித்துப்போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் எதிர்ச்சொல் அகப்படவில்லை. கோள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பொய் என்றால் அவதூறு என்று தனிச்சொல் உண்டு. கோளில் செய்தி முழு உண்மையாகவே இருக்கலாம்; போய்ச் சேருகிற காதுதான் தப்பு. ‘கோட்செவிக் குறளை காற்றுடன் நெருப்பு’ (கோள் கேட்கிற காதில் விழும் கோள்சொல் காற்றோடு சேர்ந்த நெருப்பு) என்ற கொன்றைவேந்தன் வரியில் சொன்னவனோடு கேட்டவனும் மாட்டிக்கொள்கிறான், கவனித்தீர்களா?

சிண்டு முடிய இரண்டு பேர் வேண்டும். இரண்டு குடுமியையும் பின்னாலிருந்து சேர்த்து முடிந்துவிட்டால் இவர் அசையும்போது அவருக்கு வலிக்கும்; முடிந்தவர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். கொம்பு சீவிவிட ஒருவரே போதும். தூபம் போட முன்பே தணல் இருந்தாக வேண்டும். நேற்றுவரை ஒற்றுமையாக இருந்த அண்ணன் தம்பிக்கிடையே யாரோ தூபம் போட்டார் என்று எழுதினால் தவறு. குட்டையைக் குழப்புகிறவருக்கோ மீன் கிடைக்க வேண்டும். ஆதாயமே இல்லாமல் குழப்பினால் அது வெறும் வம்பு.

சகுனிக்குச் சொந்தக் கணக்கு உண்டு. காயை உருட்டியதும் அவர் கைதான். கூனி அப்படியல்ல. வரம் கேட்டது கைகேயியின் வாய். நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று ஊரே சொல்வதால் அவரை இந்த வரிசையிலிருந்து விடுவித்துவிடலாம்.

‘கலகக்காரர்’ என்பதைக் கையாளும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. புதுத் தலைப்பாகை, நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி வைக்கக் கூடாது என்ற உத்தரவுகளைப் பொறுக்காமல் 1806 சூலை 10இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். கிழக்கிந்தியக் கும்பினிக்கு அது கலகம். நமக்கு வேலூர்ப் புரட்சி. பெயர் வைத்தது யார் என்று பார்க்காமல் ஒருவரைக் கலகக்காரர் ஆக்கிவிடாதீர்கள்.

இனி, இல்லை என்கிறீர்களே அந்த எதிர்ச்சொற்கள். ‘பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர் நகச்சொல்லி நட்பாடல் தேற்றா தவர்’ (குறள் 187). பிரியும்படி பகச்சொல்வதும் மகிழும்படி நகச்சொல்வதும் ஒரே அடியில் எதிரெதிரே நிற்கின்றன. பிரிந்தாரைப் பொருத்துவதை அமைச்சரின் வேலையாக 633ஆம் குறள் சொல்கிறது. (பிரித்தலும் அவர் வேலைதான் என்று அதே குறள் தொடங்குவதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.) தலைவன் தலைவி ஊடலைத் தீர்க்கப் போகிறவர்களுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் ‘வாயில்’. தோழி, தாய், பாணன், விருந்தினர் எனப் பன்னிரண்டு பேரைக் கற்பியல் அடுக்குகிறது. ஒரு வீட்டுச் சண்டைக்குப் பன்னிரண்டு பேர். இதற்கு மேலும் சொற்பஞ்சம் என்பீர்களா?

வேலை எப்படி நடக்கும் என்பதற்குப் புறநானூறு 45 போதும். உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி. இருவரும் சோழர்கள். புலவர் கோவூர்கிழார் அமைதியின் பெருமை எதையும் பேசவில்லை. உன்னோடு பொருகிறவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன், இருவர் கண்ணியும் (தலைமாலையும்) சோழரின் ஆத்திதான் என்று எண்ணிக் காட்டுகிறார். ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.’ கோள்காரர் இவரிடம் ஒன்றும் அவரிடம் வேறொன்றும் சொல்வார். கோவூர்கிழார் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம். இப்படிப் போரை விலக்கிச் சந்து (சமாதானம்) செய்விக்கும் பாட்டுக்குத் துணைவஞ்சி என்று துறையே உண்டு.

ஆகவே ‘சந்து செய்தார்’ என்று தயங்காமல் எழுதுங்கள். பேச்சில் ‘ராசி பண்ணிவைத்தார்’ போதும். ‘நடுவர்’ வேண்டாம், அவர் தீர்ப்புச் சொல்கிறவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் இயங்கும் சமரச மையத்தில் அமர்பவர் தீர்ப்புச் சொல்வதில்லை, இருதரப்பும் ஒப்புக்கொள்ள வழி செய்வதோடு சரி. அவர் சமரசர்.

‘மூட்டிவிட்டார்’ என்று மொட்டையாக எழுதுவதையும் விட்டுவிடுங்கள். அடுப்பை மூட்டுகிறோம், புதுக் கைலியின் இரண்டு ஓரத்தைச் சேர்த்துத் தைப்பதற்கும் மூட்டுவது என்றுதான் பெயர்.