மீன்தொட்டி கேள்வி பதில்: ஐப்டேசியாவ புடுங்காதீங்க

கேள்வி: சார், என்னோடது 3 அடி ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்குற உப்புத்தண்ணி தொட்டி. லைவ் ராக்ல (உயிரிகள் ஒட்டியிருக்கிற கடல் கல்லுல) பழுப்பு கலர்ல குட்டி பனைமரம் மாதிரி ஒண்ணு முளைச்சுது, அழகா இருக்கேன்னு விட்டுட்டேன், இப்போ ராக் பூரா அதான். பக்கத்துல இருந்த ஜோவாந்தஸ், பூ மாதிரி விரியுற பவளம் மாதிரி உயிரி, எல்லாம் மூடிக்கிச்சு. ட்வீசர் வெச்சு புடுங்க புடுங்க இன்னும் ஜாஸ்தியாகுது. வெத்தலை சுண்ணாம்பு வெச்சா செத்துடும்னு ஃப்ரெண்டு சொல்றான், இன்னொருத்தர் கல்ல வெளிய எடுத்து வெந்நீர்ல கொதிக்க வைங்கிறார். எது சரி?
(வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தம்பி, முதல்ல கொதிக்க வைக்கிற யோசனைய விட்டுடுங்க, தயவுசெஞ்சு. ஜோவாந்தஸ்ல பாலிடாக்சின்னு ரொம்ப கொடிய விஷம் இருக்கலாம், அந்தக் கல்ல அடுப்புல வெச்சா ஆவியோட சேந்து வீட்ல இருக்கிற எல்லாருக்கும் மூச்சு வழியா போயிடும், இப்படி குடும்பமா ஆஸ்பத்திரில சேந்தவங்க வெளிநாட்ல இருக்காங்க. கல்ல பிரஷ் வெச்சு தேய்க்கிறதா இருந்தாலும் கிளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கோங்க.

நீங்க சொல்றது ஐப்டேசியா, அதுவும் ஒரு அனிமோன்தான், கடல் சாமந்தின்னு சொல்வாங்களே அது. அடிப்பாகத்துல ஒரு துணுக்கு கல்லுல ஒட்டிட்டு இருந்தா போதும், அதுலேர்ந்தே புதுசா ஒண்ணு வளந்துடும், அதான் புடுங்க புடுங்க பெருகுது. கொட்டவும் செய்யும், ஜோவாந்தஸ் மூடிக்கிட்டது அதனாலதான்.

சுண்ணாம்பு விஷயத்துல உங்க ஃப்ரெண்டு சொன்னது தப்பில்ல. ரீஃப் டேங்க்காரங்க கால்க்வாசர்னு வாங்குறதும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், வெத்தலைக்குத் தடவுறதும் அதுதான். ஆனா கடை டப்பாவுல சிலதுல கலரும் வாசனையும் சேத்திருப்பாங்க, அது டேங்க்குக்கு ஆகாது, சுத்தமான பவுடரா வாங்கிடுங்க. ஆர்ஓ தண்ணி கொஞ்சமா விட்டு கெட்டியா குழைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்துக்கோங்க. தண்ணிய அலையா ஓட்டுற வேவ்மேக்கர், ஃபில்டர்லேர்ந்து தண்ணிய திருப்பி விடுற ரிட்டர்ன் பம்ப் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, ஐப்டேசியா சுருங்குறதுக்கு முன்னாடி மெதுவா கிட்ட போய் வாய் மேலயே வைங்க. கால் மணி நேரம் அப்படியே விட்டுட்டு பம்ப்ப போடுங்க, போட மறந்துடாதீங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுடணும்னு இறங்கினா பிஹெச் (தண்ணியோட காரத்தன்மை) சட்டுனு ஏறி மீனுக்கு ஆபத்து, அதனால ஒரு நாளைக்கு மூணு நாலு போதும். ஓட்டைக்குள்ள ஒளியுறத எபாக்ஸி புட்டி வெச்சு அடைச்சுடலாம்.

நிறைய பரவிடுச்சுன்னா அத தின்னுற ஜீவன விடுறதுதான் வழி. பெப்பர்மின்ட் இறால் நல்லா தின்னும், ஆனா கடைல அதே பேர்ல கேமல் இறால குடுத்துடுவாங்க, முதுகு கூனா இருக்கும், அது பவளத்தையே கொறிக்கும், பாத்து வாங்குங்க. பெர்கியான்னு ஒரு கடல் நத்தை இருக்கு, ஐப்டேசியாவ தவிர வேற எதையும் தொடாது, அது தீந்தா பட்டினியாயிடும், அப்போ தேவைப்படுற வேற ஒருத்தருக்கு குடுத்துடுங்க. ஐப்டேசியாவ தின்னுற காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன இதுக்குன்னே வாங்குறது எனக்கு பிடிக்கல, பாதி நேரம் போடுற தீனிய தொடாம பாவம் மெலிஞ்சு செத்துடுது. காப்பர் மருந்து மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க, இறால், நத்தை, பவளம் எல்லாம் போயிடும்.

கேள்வி: ராத்திரி டார்ச் அடிச்சா கல்லுக்கு அடியில முள்ளு முள்ளா ஒரு புழு ஓடுது. மீன தின்னுடுமா?
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: பயப்படாதீங்கம்மா, அது பிரிஸ்டில் வார்ம். மிச்ச தீனி, செத்தது சிதஞ்சதெல்லாம் தின்னு டேங்க்க சுத்தமா வெச்சுக்கும், மீன் செத்தப்புறம் அது மேல ஏறுறத பாத்துட்டு நிறைய பேர் இதுதான் கொன்னுச்சுன்னு நினைச்சுக்குறாங்க. வெறுங்கையால மட்டும் தொடாதீங்க, முள்ளு ஏறிட்டா செல்லோ டேப் ஒட்டி உரிங்க. ரொம்ப பெருகுச்சுன்னா நீங்க தீனி அதிகமா போடுறீங்கன்னு அர்த்தம், அத குறைங்க, அதுவும் குறையும். ராத்திரில டிக் டிக்னு சத்தம் கேட்டாதான் யோசிக்கணும், பிஸ்டல் இறாலா இருந்தா பரவால்ல, மேன்டிஸ் இறாலா இருந்தா மீன் ஒவ்வொண்ணா காணாம போகும், அது இருக்கிற கல்ல தூக்கி வேற பக்கெட்ல வெச்சுடுங்க.

கேள்வி: கடல் பக்கத்துலயே இருக்கு, தண்ணியும் கல்லும் இங்கேயே எடுத்துக்கலாமா? ராமேஸ்வரத்துல லைவ் ராக் சீப்பா கிடைக்குதாமே?
(வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: வேணாங்க. பவளத்த கடல்லேர்ந்து எடுக்குறதும் விக்கிறதும் வாங்குறதும் குற்றம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 2001லயே அத முதல் அட்டவணைல சேத்துட்டாங்க. மன்னார் வளைகுடா பவளம் ஏற்கெனவே அடிபட்டு கிடக்கு, நம்ம தொட்டிக்காக அத ஒடைக்கவே கூடாது.

உங்க கரை தண்ணியும் சரிவராது. கெடிலம் ஆறு அங்கதான் கடல்ல கலக்குது, ஐப்பசி கார்த்திகை மழைல உப்பு எவ்ளோ இறங்கும்னு உங்களுக்கே தெரியும். ஆர்ஓ தண்ணில சால்ட் மிக்ஸ் கலந்து 35 பிபிடிக்கு (லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு) கொண்டு வாங்க, காஞ்ச கல்லுலேர்ந்து ஆரம்பிங்க, முக்கால்வாசி பூச்சித் தொல்லை அங்கயே போச்சு. பவளம் வாங்கினா வளர்ப்புல வந்ததான்னு பில்லோட கேட்டு வாங்குங்க, அடியில ஒட்டியிருக்கிற பழைய பிளக்க (பவளத்த ஒட்டி விக்கிற சின்ன பீடம்) கழட்டி போட்டுட்டு, பூச்சிய கொல்லுற மருந்துத் தண்ணியான கோரல் டிப்ல முக்குங்க. டிப்ல பூச்சியோட முட்டை சாகாது, அதனால தனி டப்பால சில வாரம் வெச்சு வாரத்துக்கு ஒருதடவ திரும்ப முக்கிட்டு அப்புறம் மெயின் டேங்க்ல விடுங்க.