கண்புரைக் கீறல்: எத்தனை மில்லிமீட்டர்?

கண்புரை அறுவையில் கீறலின் அளவைப் பற்றி வந்த கேள்விகளுக்குக் கண் அறுவை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 6 மில்லிமீட்டர் கீறல் என்கிறார்கள். மாமாவுக்கு 2.8தான். அப்பாவுக்கு மட்டும் ஏன் பழைய முறை?

பதில்: அப்பாவின் புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மாமாவுக்குச் செய்தது பேக்கோ என்ற முறை. அதில் அதிரும் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சிவிடுகிறோம், 2.2 முதல் 3 மில்லிமீட்டர் வாசல் போதும். பழுப்பேறிக் கல்லாய் இறுகிய புரையை உடைக்கவோ நிறைய ஆற்றல் வேண்டும். கருவிழியின் உட்புறச் செல்கள் அதில் மடியும். மடிந்தவை மீண்டும் வளர்வதில்லை. அப்படிப்பட்ட கண்ணில் 6, 7 மில்லிமீட்டர் திறந்து புரையை முழுதாக எடுப்பதே பல சமயம் பாதுகாப்பு. நானும் தயங்காமல் அதைச் செய்கிறேன்.

கேள்வி: அவ்வளவு பெரிய கீறலுக்குத் தையல் வேண்டாமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். கீறல் வெள்விழியில் தொடங்கிச் சுரங்கம்போல் சாய்ந்து உள்ளே போகிறது. கண்ணின் உள்ளழுத்தமே அதை அழுத்தி மூடிவிடும். அதற்கு முந்திய முறையில் 10, 12 மில்லிமீட்டர் வெட்டி நைலான் இழையால் தைத்தோம். தையல் இழுத்த இழுப்பில் கருவிழி வளைந்து, சிலிண்டர் பவர், அதாவது கருவிழி ஒரே சீராக வளையாததால் கண்ணாடியில் வரும் பவர், ஏறிவிடும். அந்தத் தொல்லையிலிருந்து விடுபட்டதுதான் உண்மையான முன்னேற்றம்.

கேள்வி: அப்படியானால் 2.2 கீறல் 2.8ஐவிட நல்லதுதானே?

பதில்: 12இலிருந்து 6க்கும், 6இலிருந்து 3க்கும் வந்தது பெரிய தாவல். 2.8க்கும் 2.2க்கும் இடையில் பவர் வேறுபாடு மிகச் சிறியது. கீறல் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம்: மேல்புறத்தைவிடக் காதோரப் பக்கத்தில் போட்டால் கருவிழியின் வளைவு குறைவாகவே மாறும். அளவைக் குறைக்கும் ஆசையில், புரையை எடுத்த இடத்தில் வைக்கும் செயற்கை லென்ஸை நெருக்கித் திணித்தால் விளிம்பு கிழிந்து கசியும். சுத்தமாக மூடிய 2.8, கிழிந்த 2.2ஐவிட எப்போதும் மேல்.

கேள்வி: லென்ஸே 6 மில்லிமீட்டர் அகலமாமே, எப்படி நுழைகிறது?

பதில்: சுருட்டிச் செலுத்துகிறோம், உள்ளே போய் விரிந்துகொள்ளும். சார்லஸ் கெல்மன் 1967இலேயே பேக்கோவைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் லென்ஸ் அன்று கடினமானது. அதை வைப்பதற்காகவே சிறிய கீறலைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

கேள்வி: லேசரில் கீறலே கிடையாதாமே?

பதில்: உண்டு. புரை வெளியேறவும் லென்ஸ் உள்ளே போகவும் வாசல் வேண்டும்.

கேள்வி: ஐயா, தையல் இல்லாத கண்ணைத் தெரியாமல் கசக்கிவிட்டால்?

பதில்: முதல் சில வாரங்கள் தூங்கும்போது கண்ணுக்குமேல் காப்பு மூடி போட்டுக்கொள்ளுங்கள். கசக்கிய பிறகு வலி, சிவப்பு, பார்வை மங்கல், நீர்க் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.